கை எதையெல்லாம் தொட்டது?

மேற்கு மாம்பலத்துக்குச் சுகாதார ஆய்வாளராக வந்து ஷம்ஷாத்துக்கு ஒன்பது ஆண்டு ஆகிறது. எங்காவது காய்ச்சல் என்று தகவல் வந்தால் வீடு வீடாக ஏறி, போன வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது அவள் வேலை. நேற்று மதியம் தின்றதே பலருக்கு மறந்திருக்கும். சலிக்காமல் உட்கார்ந்து ஞாபகப்படுத்துவாள்.

அந்த ஜூன் மாதம் பத்தே நாளில் பதினொரு பேர் வயிற்றுப்போக்கும் கடும் காய்ச்சலுமாக விழுந்தார்கள். நான்கு வயது சிம்ராவுக்குக் கிருமி ரத்தத்திலும் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். எல்லோரிடமும் இருந்தது ஒரே வகை சால்மோனெல்லா கிருமி. ஷம்ஷாத் விசாரித்ததில், அவர்களில் பத்துப் பேர் வீட்டிலும் கோழிக்கறி வாங்கியது வெள்ளைத்துரையின் கடையில்தான்.

பதினொன்றாவது ஆள் வைதேகி மாமி. முட்டைகூட நுழையாத வீடு. கோழிதான் காரணமென்றால் இந்த அம்மாளுக்கு எப்படி வந்தது என்று கேட்ட மேலதிகாரி, முதலில் குடிநீரைச் சோதிப்போம், கடையை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். தண்ணீர் முடிவு வர மூன்று நாளாகும். அதுவரை வெள்ளைத்துரையின் கத்தி ஓயப்போவதில்லை. ஷம்ஷாத்தின் கண்ணெதிரே ஜனங்கள் பை பையாகக் கறி வாங்கிப் போனார்கள். மறுநாளே பன்னிரண்டாவது நோயாளி வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே மாமி வீட்டுக்கு மூன்றாம் முறையாகப் போனாள். வழக்கம்போல் கணவர் கோதண்டபாணியே முந்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மாமி தரையைப் பார்த்தபடி இருந்தாள். இவர் இருக்கும்வரை அவள் வாய் திறக்கமாட்டாள் என்று ஷம்ஷாத்துக்குப் பட்டது. ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று அவரைக் கேட்டாள். அவர் படியிறங்கியதும் கேள்வியை மாற்றினாள்.

"சாப்பிட்டதை விடுங்க மாமி. உங்க கை எதையெல்லாம் தொட்டுச்சு?"

மாமி வாசலைப் பார்த்தாள்.

"நாலு வயசுக் குழந்தை ஐசியூல கெடக்குது மாமி. உங்க பேரை எங்கயும் எழுதமாட்டேன்."

"தெருவுல ஒரு நாய். கார் ஏறி அதுக்குக் கால் போயிடுத்து. தயிர்சாதம் வெச்சா மோந்துகூடப் பார்க்கலை. துரை கடையில கோழிக் கழுத்துத் துண்டு வாங்கிண்டு வந்து, மாடிப்படிக்கு அடியில வெச்சுப் பிச்சுப் பிச்சுப் போடறேன். வெறும் தண்ணியில கையை அலம்பிண்டு அப்படியே சமைக்கப் போயிடுவேன். இவருக்குத் தெரியாது."

ஷம்ஷாத் கைப்பேசியை எடுத்து, பதினொன்றாவது ஆளின் கையும் அதே கடைக் கறியைத் தொட்டிருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொன்னாள். சாயந்திரமே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கடையை மூடி, கட்டையிலும் கத்தியிலும் கறியிலும் மாதிரி எடுத்தார்கள். வெள்ளைத்துரை தடுக்கவில்லை. தினமும் கழுவித்தான் வைக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோழி வரும் பண்ணையின் பெயரை அவரே எழுதிக் கொடுத்தார். அங்கும் போய்ச் சோதித்தார்கள். நோயாளிகளின் உடம்பில், கடைக் கறியில், பண்ணைக் கூண்டில் இருந்த கிருமியின் மரபணு ஒன்றாகவே இருந்தது. பண்ணையிலிருந்து கோழி வருவது நிறுத்தப்பட்டது. அடுத்த இரண்டு வாரத்தில் புதிதாக யாரும் விழவில்லை. சிம்ரா பாதியாக இளைத்து, பத்தொன்பதாம் நாள் வீடு திரும்பினாள்.

அறிக்கையில் மாமி வெறும் ஓர் எண். ஆனால் அவளே கணவரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மருந்துக்கடையிலிருந்து ஒரு பெட்டி கையுறை வாங்கி வந்து, மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாராம்.