வெள்ளரி இலையில் இடம் மாறிய மரபணு

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘ஐஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். குணத்தால் வந்த பெயர் இல்லை. கோபம் வந்தால் அக்கா நெருப்பு. எங்கே போனாலும் கைக்குழந்தையைப் போல ஓர் ஐஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். நோய் பிடித்த இலைகளை அரைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ. இழையைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. பொல்லாத இழை அது. சூடு ஆகாது, விரல் வியர்வை பட்டாலே துண்டுதுண்டாகிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையில் அது கெட்டதே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கெட்டபோதெல்லாம் அவளே முதல் ஆளாய் வந்து சொல்லிவிடுவாள், அவ்வளவுதான்.

வீட்டிலும் ஓயாமல் கை கழுவுவாள். பஸ் ஓட்டும் கணவர், “இப்படியே கழுவிட்டிரு, ஒருநாள் ரேகையெல்லாம் அழிஞ்சிடும். கைநாட்டுகூட வைக்க முடியாது” என்பார்.

“எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே” என்பாள்.

ஒருமுறை ஒரு வெள்ளரித் தோட்டத்திலிருந்து இலைகள் வந்தன. இலை முழுக்க மஞ்சள் திட்டு. காயெல்லாம் கொக்கி மாதிரிக் கோணல். அக்கா ஆர்.என்.ஏ.வைப் பிரித்துக் கொடுத்தாள். இயந்திரம் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்தது. கிழித்துப் போட்ட கடிதத்தை ஒட்டுவதுபோல, கணினி அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் கொண்ட ஒரே இழையாக்கியது.

திரையைப் பார்த்த ஆய்வகத் தலைவரின் புருவம் சுருங்கியது. அந்த வகை வைரஸ்களில் மரபணுக்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வைரஸைப் பிரதியெடுக்கும் மரபணு. அடுத்தது, அது செல்லுக்குச் செல் தாவ உதவுவது. கடைசியில் வைரஸின் மேலுறையைச் செய்வது. இதிலோ மேலுறை மரபணு நடுவில் வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது.

“அக்கா, ரெண்டு சாம்பிள் கலந்துபோச்சு. வேற வைரஸோட துண்டை எடுத்து கம்ப்யூட்டர் இதுல ஒட்டிடுச்சு. தூக்கிப் போட்டுடலாம்.”

நாலு பேர் இருக்கும்போது சொன்னார். அக்காவுக்குச் சுருக்கென்றது.

“கலக்கலை சார்.”

“மனுஷங்கதானே, தப்பு நடக்கும்.”

“நடக்கும் சார். ஆனா இதுல நடக்கலை.”

அன்று மதியச் சாப்பாட்டை அவள் திறக்கவே இல்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆளும் இல்லை அவள். ஒரு தாளை எடுத்து, மரபணுவுக்கு ஒன்றாக மூன்று கட்டங்கள் வரைந்தாள். ஒட்டியது தப்பென்றால், அந்தத் தப்பு திரையில்தான் இருக்கும். இலைக்குள் அப்படியோர் அறுபடாத இழை இருக்காது. முதல் மரபணுவில் தொடங்கி, நடுவில் இருக்கும் மேலுறையைத் தாண்டி, மூன்றாவது வரை ஒரே மூச்சில் பிரதியெடுத்துப் பார்க்கலாம். இழை நிஜமென்றால் பிரதி வரும். இல்லையென்றால் ஒன்றும் வராது.

தலைவர் தாளை இரண்டு தடவை பார்த்தார். “செஞ்சு பாருங்க. ஆனா பழைய சாம்பிள் தீர்ந்துடுச்சே?”

மறுநாள் காலை அக்கா தோட்டத்துக்குப் போய் இறங்கியபோது, தோட்டக்காரர் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். பாதிப் பாத்தி காலி.

“அண்ணே, நில்லுங்க! ஒரு பத்து நிமிஷம்!”

“அதான் போன தடவையே கட்டுக்கட்டா அனுப்பி வெச்சேனேம்மா?”

“அதை நான் கலக்கிட்டேன்னு சொல்றாங்கண்ணே.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிடுங்குவதை நிறுத்திவிட்டு, இருப்பதிலேயே மோசமான மூன்று செடிகளைத் தானே காட்டினார். ஒவ்வொரு செடியின் இலைக்கும் ஒரு பை, ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. ஒப்பிட்டுப் பார்க்க, திரும்புகிற வழியில் வேறொரு தோட்டத்தில் நோயில்லாத இலையும் பறித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. நீல விளக்கொளியில், பிரதி வந்ததற்கு அடையாளமாக, மூன்று செடிக்கும் மூன்று கோடுகள், ஒரே உயரத்தில், பளிச்சென்று. நல்ல இலையின் இடமும் வெறும் தண்ணீர் வைத்த இடமும் துடைத்துவிட்டதுபோல் இருட்டாக இருந்தன. தலைவர் குனிந்து கோடுகளை மறுபடி எண்ணினார்.

“இந்தக் கோட்டை வெட்டியெடுத்து, அதுல இருக்கற பிரதியை எழுத்தெழுத்தாப் படிச்சிடலாம் சார். அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது” என்றாள் அக்கா.

படித்தார்கள். கணினி ஒட்டிக் காட்டியதிலிருந்து ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதுவரை யாரும் பார்த்திராத வரிசை.

தலைவர் அதே நாலு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். “குழம்பினது சாம்பிள் இல்லை, என் புத்திதான். மன்னிச்சிடுங்க அக்கா” என்றார். அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “அட, விடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள்.

இதைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் இரண்டாவதாக வந்தது. கணவருக்கு அதில் அந்தப் பெயரைத் தவிர ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனாலும் அதை ஒரு வாரம் பஸ்ஸில் வைத்துக்கொண்டு, கண்டக்டருக்கு விளக்கம் வேறு சொன்னார்.

அக்கா கண்டுபிடித்த சோதனையே பிறகு நாற்றுகளைச் சோதிக்கும் முறையானது. அடுத்த பருவத்தில் அந்தத் தோட்டக்காரரின் பத்துத் தட்டு நாற்றுகளில் இரண்டில் நோய் இருப்பதை நடுவதற்கு முன்பே அவள் பிடித்துவிட்டாள். மீதி எட்டும் கொடியேறிக் காய்த்தன, நேராக.

இப்போதெல்லாம் திரையில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால், தலைவர் நாற்காலியைத் திருப்பி முதலில் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, நீங்க என்ன நினைக்கறீங்க?”