மிச்ச ஊசி

ரேலீன் டுவையரிடம் வரும் குழந்தைகள் எல்லோரும் ஏற்கெனவே வேறெங்கோ பயந்தவர்கள். முதல் தடுப்பூசியில் வலிப்பு வந்த குழந்தை, உதடு வீங்கிய குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தை, ஊசியைக் கண்டதும் டாக்டரின் விரலைக் கடித்த பையன். உள்ளூர் டாக்டர்கள் எங்களால் முடியாது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மெல்பர்னில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே பிரிவைத் தாண்டி, மூன்று அறைகள்தான் அவள் வேலை செய்யும் தடுப்பூசிப் பிரிவு. அங்கிருந்து வேறெங்கும் அனுப்ப முடியாது.

அவளுக்குப் பயமே கிடையாது என்று சின்ன நர்சுகள் நம்பினார்கள். அவள் மறுத்ததில்லை. இளவயதில் பாலரட் என்ற ஊரின் நகரசபைக் கூடத்தில் மாதமொருமுறை கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்ட பெண்குழந்தை ஒன்று அழுகையைப் பாதியில் நிறுத்தியது. சமர்த்தாகிவிட்டாள் என்று தாய் சிரித்தாள். ரேலீன் திரும்பிப் பார்த்தபோது குழந்தை நனைந்த துணிபோலத் துவண்டிருந்தது. ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசியைப் போட்டாள். குழந்தை பிழைத்தது. மறுவாரம் ரேலீன் ஒரு செருப்புக்கடையில் வேலை கேட்டுப் போனாள். கிடைக்கவில்லை.

பிறகு இந்த மருத்துவமனையில் இடம் காலி என்று தெரிந்ததும் விண்ணப்பித்தாள். சேவை மனப்பான்மையெல்லாம் இல்லை. இங்கே இரண்டு மாடி ஏறினால் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதற்காகத்தான் வந்தாள். காலப்போக்கில் அந்தப் பிரிவை நடத்துபவளாகவும் ஆனாள். தன் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர்கள் அழுதால் சமையலைத் தொடர்வாள், அழுகை நின்றால் ஓடுவாள். அதைப் பார்த்து அவள் கணவன் டெரி சிரிப்பான்.

பிரிவில் அவள் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. ஊசிக்கு முன்னால் குழந்தையின் உடையைக் கழற்றி உடம்பு முழுவதையும் பார்த்துவிட வேண்டும். மச்சம், கொசுக்கடி, கீறல், எல்லாம். இல்லாவிட்டால் ஊசிக்குப் பிறகு கண்ணில் படும் சிவப்பு புதியதா பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு ஊசி போடச் சொல்லித்தருவதற்கு முன்பு இதைத்தான் சொல்லித்தருவாள்.

ஜூலை மாதத்து மழை நாளொன்றில் ஓட்டிஸ் வந்தான். நான்கு வயது. ஈரல் கெட்டுப்போய் உடம்பும் கண்ணும் மஞ்சளாக இருந்தன. அவன் சித்தி தன் ஈரலில் ஒரு பகுதியைத் தரச் சம்மதித்து, அறுவைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. மாற்று ஈரல் வைத்தபின் அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்தில் இருப்பவனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடக்கூடாது. போடாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தட்டம்மை போதும் அவனைக் கொண்டுபோக. ஆகவே இப்போதே போட வேண்டும், அறுவைக்குப் போதுமான இடைவெளி விட்டு. அதே ஊசியை முன்பு ஒருமுறை அவன் ஊரில் போட்டபோது முகம் வீங்கி மூச்சு இழுத்திருந்தது. அது ஊசியாலா, அன்று காலை தின்ற ஏதாவதாலா என்று சோதனைகளால் சொல்ல முடியவில்லை.

"எங்க ஊர் நர்ஸ் எங்க காரைப் பார்த்தாலே டீ குடிக்கப் போயிடுறா" என்றாள் அவன் அம்மா டீகன். ஹார்ஷம் ஊருக்கு அப்பால் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்திருந்தாள். பூட்ஸில் சேறு காய்ந்திருந்தது.

"நான் டீயை இங்கேயே வெச்சிருக்கேன். அதனால ஓட முடியாது" என்றாள் ரேலீன்.

பிரிவின் டாக்டர் அரிஸ்தியா வந்து விளக்கினாள். முதலில் மருந்தில் பத்தில் ஒரு பங்கு. காத்திருந்து பார்ப்பது. ஒன்றும் ஆகாவிட்டால் மிச்சத்தைப் போடுவது. மறுபடி மூச்சு இழுத்தால் அத்தோடு நிறுத்திவிடுவது.

"நிறுத்திட்டா?"

"அப்புறம் போடவே முடியாது, டீகன்."

டீகன் தலையசைத்தாள். மகனின் காதை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

ரேலீன் ஓட்டிஸின் கம்பளிச் சட்டையைக் கழற்றப் போனாள். அவன் இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினான். "குளுருது! நீ திருடி! என் சட்டையத் திருடுற!"

கை, கால், கழுத்து, முகம் பார்த்தாள். பின்பக்கம் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். வயிற்றுக்கு வந்தபோது அவன் விக்கி விக்கி அழத் தொடங்கினான். ஊசிக்கு முன்பே அழுது களைத்தால் பின்னால் எதுவும் விளங்காது. அவள் சட்டையை விட்டுவிட்டாள்.

டீகன் சோப்புக் குமிழி ஊதினாள். ஓட்டிஸ் அதை எட்டிப் பிடிக்கும்போது முதல் பங்கு தொடையில் இறங்கியது. அவன் கவனிக்கவேயில்லை.

அரிஸ்தியாவை மாடி வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். "இதோ வந்துடுறேன். சந்தேகம்னா அட்ரினலினைப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது ட்ரேயில் தயாராக இருந்தது.

ரேலீன் எதிரே உட்கார்ந்தாள். ஓட்டிஸ் கார் பொம்மையைச் சுவரில் ஓட்டினான். பிறகு தரையில் ஓட்டினான். பிறகு நிறுத்தினான்.

"என்ன ராசா?"

அவன் இருமினான். மறுபடி இருமினான். சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைச் சொறிந்தான். ரேலீன் சட்டையைத் தூக்கினாள்.

மஞ்சள் தோலில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"டீகன், இது காலையில இருந்ததா?"

"தெரியல."

"குளிப்பாட்டினியா?"

"இருட்டுல கிளம்பினோம். துடைச்சுவிட்டேன், அவ்வளவுதான். எப்பவும் சொறிஞ்சுக்கிட்டேதான் இருப்பான், ஈரல் அப்படி." டீகன் எழுந்துவிட்டாள். "என்ன அது? ஏன் அப்படிப் பார்க்குறீங்க?"

வெறும் சொறிந்த தடம் என்றால், இருமல் அழுததால் வந்தது என்றால், இப்போது அட்ரினலின் போட்டால் அவன் இந்த ஊசிக்கு ஆகாதவன் என்று பதிவாகிவிடும். எந்த டாக்டரும் மிச்சத்தைத் தொடமாட்டார். ஒவ்வாமைத் தடிப்பு என்றால், அவள் யோசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவன் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வயிற்றை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். அவள் கை குளிர்ந்து, விரல்கள் தன்னுடையவை அல்லாதவை போல இருந்தன. ஓட்டிஸ் மூன்றாம் தடவை இருமினான். காரைக் கீழே போட்டான்.

அவள் போட்டுவிட்டாள்.

அவன் அலறினான். மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ ஆக்சிஜன் முகமூடியை வைக்க, அதையும் பிடுங்கி எறிந்தான். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட அரிஸ்தியா முகத்தைச் சுளித்தாள். மூச்சு சுத்தமாக இருந்தது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. வயிற்றைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் கோடுகள் தெரிந்தன, நான்கு நான்காக, நகத்தின் அகலத்தில்.

வராந்தாவில் அரிஸ்தியா மெதுவாகச் சொன்னாள்: "தடிப்பா இருந்தா அட்ரினலினுக்கு மறைஞ்சிருக்கணும். கீறல்தான். நானா இருந்தாலும் போட்டிருப்பேன்."

"நீயா இருந்தா முதல்லயே வயித்தைப் பார்த்திருப்ப."

அரிஸ்தியா போனை எடுத்து அறுவைக் குழுவின் எண்ணைத் தேடினாள்.

அன்று அவனை வார்டில் சேர்த்தார்கள். ஒவ்வாமை வந்திருந்தால் ரத்தத்தில் அதன் சுவடு இருக்கும், இல்லை. அறுவைக் குழுவிடம் அரிஸ்தியா போனில் வாதாடினாள். நாளை மிச்சத்தைப் போட்டால் ஒப்புக்கொள்வார்கள். அதற்குமேல் தள்ளினால் இடைவெளி போதாது. சித்தியின் நாள், அறுவைக்கூடத்தின் நாள், பையனின் ஈரல், எதுவும் காத்திருக்காது.

காலையில் ரேலீன் வார்டுக்குப் போனாள். தன் பிரிவில் வேலை பார்க்கும் இளம் நர்ஸ் கியாராவிடம் ஊசியை ஒப்படைத்துவிடுவது என்று வரும் வழியில் முடிவு செய்திருந்தாள். டீகன் நாற்காலியில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து தப்பு என்னுது" என்றாள் ரேலீன். "வயித்தைப் பார்க்காம விட்டேன். பார்த்திருந்தா உன் பையனுக்கு அந்த இன்னொரு ஊசி தேவைப்பட்டிருக்காது. இன்னிக்குக் கியாரா போடுவா. நல்லவ, கை நடுங்காது."

"உங்க கை நடுங்கிச்சே, பார்த்தேன்."

"ஆமாம்."

"ஊர்ல அவனுக்கு மூச்சு இழுத்தப்போ அந்த நர்ஸ் சொன்னா, 'பயப்படாதீங்க, அழுகைதான்'னு. அவ கை நடுங்கல. அவன் நீலமாகிற வரைக்கும் நடுங்கல." டீகன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உங்க மேல கோபம்தான். ரொம்பக் கோபம். ஆனா நீங்களே போடுங்க."

ரேலீன் தலையசைத்து, ஓட்டிஸை எழுப்பப் போனாள்.

கீழ்த்தளத்தில் அறையின் ஹீட்டரை முழுசாகப் போட்டார்கள். ஓட்டிஸ் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான், திருடி என்றான், பன்றி என்றான். இந்த முறை யாரும் விடவில்லை. டீகன் கையைப் பிடித்துக்கொள்ள, ரேலீன் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒவ்வொரு கீறலையும் பேனாவால் சுற்றி வரைந்தாள். வரைந்து முடித்தபோது அவன் அழுகையை மறந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு?" என்று ஒரு வட்டத்தைக் காட்டினான்.

"அது ஆடு."

"இது?"

"அதுவும் ஆடு. உங்க அப்பாகிட்ட நிறைய இருக்கே."

அரிஸ்தியா இன்று கதவுக்கருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், போனை அணைத்து வைத்துவிட்டு. ரேலீன் புதுக் குப்பியைக் கலக்கினாள். ஊசிக்குள் மருந்து ஏறும்போது உள்ளங்கை வியர்த்தது. கையுறைக்குள் அது யாருக்கும் தெரியாது. மிச்சப் பங்கு இறங்கியது.

பிறகு காத்திருப்பு. ஓட்டிஸ் மடியில் படுத்தான். அவன் அசையாமல் கிடந்த ஒவ்வொரு முறையும் ரேலீன் எழுந்து போய் மூச்சைப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு முறை இருமினான். மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்து மறுபடி இருமினான், வேண்டுமென்றே. அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தான்.

"அடேய், உன்னை..." என்றாள் டீகன்.

ஜன்னலில் மழை விட்டிருந்தது. வட்டங்களுக்கு வெளியே சிவப்பு வரவில்லை. அரிஸ்தியா கடிகாரத்தைப் பார்த்தாள், ரேலீனைப் பார்த்தாள். "போதும்" என்றாள். ரேலீன், "இன்னும் கொஞ்சம்" என்றாள். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, பசிக்குது" என்றான் ஓட்டிஸ். "சிப்ஸ் வேணும். சூடா."

டீகன் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கோட்டை எடுத்தாள். வாசலில் நின்று, "வரீங்களா ரேலீன்? நான் வாங்கித் தர்றேன்" என்றாள்.

"நீங்க போங்க. வரேன்."

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வராந்தாவில் பையன் எதையோ கேட்பதும் டீகன் பதில் சொல்வதும் லிஃப்ட் வரைக்கும் கேட்டன. அவள் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.