வீட்டுப்பாடத்துக்கு ஒரு செட்டு

கச்சிராயபாளையத்தைச் சுற்றி கோமுகி அணைத் தண்ணீர் பாயும் ஊர்களில் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமென்றால் கொளஞ்சியப்பனைத்தான் தேடி வருவார்கள். சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்த கையோடு விவசாயி வண்டியை மிதித்துக்கொண்டு வந்து அவர் வாசலில் நிற்பார். வெட்ட ஆள், சோகை என்கிற காய்ந்த தோகையைக் கழிக்க ஆள், கட்டுக் கட்ட ஆள், டிராக்டரில் ஏற்ற ஆள் என்று ஒரு செட்டே மேஸ்திரியான அவர் கையில் இருந்தது. அவர் மட்டும் கத்தியைத் தொட்டு வெகு காலம் ஆகிவிட்டது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று குரல் கொடுப்பார். கரும்பு தானாகச் சாய்வது போலச் சாயும்.

எந்த வேலையானாலும் தகுந்த ஆளிடம் பிரித்துக் கொடுத்தால் முடிந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. கிணறு தூர்வாருவதற்கும் ஆள் வைத்திருந்தார், மாமனார் வீட்டுக்காரர்களோடு சண்டை போடுவதற்கும் ஆள் வைத்திருந்தார். "வேலை செய்றவன் ஒருத்தன், வேலை வாங்கறவன் ஒருத்தன். ரெண்டாவது ஆளுக்குத்தான் இடுப்பு வலிக்காது" என்பார்.

அவருடைய ஒரே மகள் இலக்கியா ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தை மாதத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் போயிருந்தார். வாசிக்கிற திறமையைப் பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருந்தார்கள். அரும்பு என்றால் எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளை. மூன்றாவதில் பெரும்பாலான பிள்ளைகள் மொட்டையும் தாண்டியிருக்க, இலக்கியா அரும்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"முழுப் பரீட்சைக்குள்ள மொட்டுக்காவது வந்துடணும், இலக்கியா அப்பா" என்றார் செந்தமிழ்ச்செல்வி டீச்சர். "நாலாவதுல பாடம் பெருசா இருக்கும். ஒரு வரி படிக்கத் தெரியாம போனா எல்லாப் பாடத்துலயும் முழிச்சிக்கினு நிப்பா. அப்புறம் பள்ளிக்கூடமே கசந்துடும்."

கொளஞ்சியப்பன் எட்டாவதோடு நின்றவர். கசந்துபோவது எப்படி என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை. "மொட்டு இன்னா டீச்சர், மலராவே குடுத்துடறேன். என்னிக்கு லோடு ஏத்தணும், அத்த மட்டும் சொல்லுங்க" என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "சாயந்தரம் அரை மணி நேரம் பக்கத்துல குந்தி, அவ படிக்கிறதைக் காது குடுத்துக் கேளுங்க. நீங்க சொல்லித்தரக்கூட வேணாம். கேட்டாலே போதும்."

அரை மணி நேரம் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்து கேட்பதா? அதை ஒரு வேலை என்றே அவர் மனம் ஏற்கவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் செட்டு சேர்த்துவிட்டார்.

படம் வரைய, சுவர் விளம்பரம் எழுதும் வீரமணி. கணக்குக்கு, மக்காச்சோள மண்டியில் வேலை பார்க்கும் சுப்புராயன். கட்டுரைக்கு, கள்ளக்குறிச்சி காலேஜில் தமிழ் படிக்கும் எதிர்வீட்டு பாரதி. மூவருக்கும் மேஸ்திரியிடம் ஏதோ ஒரு காரியம் ஆக வேண்டியிருந்ததால் தட்ட முடியவில்லை. மேசை வந்தது. மேசை விளக்கு வந்தது. புது வயலில் கத்தி வைக்கும் முன் செய்வதைப் போல மேசைக்கு முன்னால் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்து, கைராசிக்காரர் என்று பெயரெடுத்த பால் சொசைட்டிக்காரரைக் கூட்டிவந்து நோட்டில் முதல் எழுத்தை எழுத வைத்தார்.

"எழுதவேண்டியவ அதோ விளையாடிக்கினு இருக்கா" என்றாள் நிர்மலா, அவர் மனைவி.

"ராசின்னு ஒண்ணு இருக்குதில்ல? நீ போய் டீ போடு, ஆளுங்க வந்துட்டாங்க."

மறுநாளிலிருந்து இலக்கியாவின் வீட்டுப்பாடம் ஊரே வாய் பிளக்கும்படி முடிந்தது. 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரையச் சொல்லியிருந்தார்கள். வீரமணிக்குக் கல்யாண பேனர் எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. படத்தில் கொளஞ்சியப்பன் கறுப்புக் கண்ணாடியோடு கைகூப்பி நின்றார். இரண்டு பக்கமும் சிங்கம். நிர்மலாவும் இலக்கியாவும் அடியில் வட்டத்துக்குள் தலை மட்டுமாக இருந்தார்கள். மேலே, நிழல் விழுகிற எழுத்தில், 'வருக வருக'.

மரத்தில் பன்னிரண்டு மாங்காய், காற்றில் ஐந்து விழுந்தால் மீதி எத்தனை என்ற கணக்குக்கு சுப்புராயன் ஆறு என்று எழுதினார்.

"ஏழு இல்லீங்களாண்ணா?" என்றாள் பாரதி.

"ஒண்ணு கழிவு. கழிவு போடாம எந்த ஊர்லம்மா கணக்கு பாக்கறாங்க?"

பாரதி மட்டும் குறைந்தவளா? 'எனக்குப் பிடித்த விலங்கு' என்பதற்கு அவள் எழுதிய கட்டுரையில் பசு, தாய்மையின் திருவுருவாகவும் தரணியின் தவப்பயனாகவும் வந்தது. அதற்கு வால் உண்டு, கொம்பு உண்டு என்பது மட்டும் எங்கேயும் வரவில்லை.

இவ்வளவும் நடக்கும்போது இலக்கியா முதலில் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் காலை ஆட்டிக்கொண்டே, "இன்னா வீரமணி மாமா, இன்னும் கலர் அடிக்கலியா? நாளைக்கு டீச்சரு கேப்பாங்க" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தாள். குரலில் அப்பனின் அதே இழுவை. கொளஞ்சியப்பன் வாசலிலிருந்து அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டார். குழந்தைக்குப் படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தார்.

மாசி பிறந்ததும் டீச்சர் ஆள் அனுப்பினார். மேஸ்திரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வழியில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டும் போனார்.

"உள்ளே வராதீங்க. ஜன்னல் வழியா பாருங்க" என்றார் டீச்சர்.

பார்த்தார். பயிற்சி நூலில் எழுதுகிற நேரம். எல்லாப் பிள்ளைகளும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இலக்கியா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடந்தாள். ஒரு பையன் அவளுடைய நூலில் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி அவளுக்காக வண்ணம் தீட்டினாள். "அழகா போடு, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, இலக்கியா பாவாடைப் பையிலிருந்து சீவிய கரும்புத் துண்டு ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

கொளஞ்சியப்பனின் முகம் மலர்ந்தது. அந்தக் கரும்புத் துண்டை வேலை முடிவதற்கு முன் கொடுத்திருக்கக் கூடாது என்று மட்டும்தான் முதலில் தோன்றியது.

டீச்சர் இலக்கியாவை வெளியே அழைத்துப் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தார். "இந்த ஒரு வரியைப் படி கண்ணு."

இலக்கியா வரியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உள்ளே வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவளிடம் திரும்பி, "தேவதர்ஷினி, இங்க வா. இத்த கொஞ்சம் படிச்சிக் குடு" என்றாள்.

"அவ வேணாம். நீ படி."

குழந்தையின் விரல் முதல் எழுத்தில் போய் நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வயலில் பாம்பே குறுக்கே போனாலும் அசையாத கொளஞ்சியப்பன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு மக்கு இல்லீங்க" என்றார் டீச்சர். "வூட்ல இன்னா நடக்குதோ, அதை ஒண்ணு விடாம படிச்சிக்கினு வந்திருக்கா."

அன்றைக்கே செட்டு கலைந்தது. சாயங்காலம் கொளஞ்சியப்பன் மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். "படி பாப்பா, அப்பா கேக்கறேன்."

"ஒ... ரு..." என்றாள்.

"ஒரு ஊரில்" என்றார் அவர்.

"ஒரு ஊரில்" என்றாள். அடுத்த எழுத்துக்குப் போய் மூச்சு வாங்கினாள். அதற்குள் அவர் அந்த வரியையும் முடித்துக் கொடுத்தார். அதற்கடுத்த வரியையும். பக்கம் முடியும்போது அவருக்குத்தான் வியர்த்திருந்தது. மகள் சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள்.

அடுப்படியிலிருந்து நிர்மலா எட்டிப் பார்த்தாள். "செட்டைக் கலைச்சிட்டன்னு பாத்தா, அத்தனை ஆள் வேலையும் நீயே செய்றியா? உன்னை இன்னா கேக்கச் சொன்னாங்களா, படிக்கச் சொன்னாங்களா?"

மறுநாள் வாயே திறப்பதில்லை என்று உட்கார்ந்தார். இலக்கியாவும் வாயைத் திறக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு வயலில் இரண்டு மேஸ்திரி நின்றால் ஒரு கரும்பும் விழாது. எவர் முதலில் வேலையை ஆரம்பிப்பார் என்று இரண்டு பேரும் காத்திருந்ததிலேயே அன்றைய அரை மணி நேரம் போய்விட்டது. அடுத்த இரண்டு சாயங்காலமும் அப்படியே. முழுப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவருக்குத்தான் பொறுமை போயிற்று. "இன்னாதான் பண்ணப் போற நீ?"

"நீ படிப்பா. நான் மேஸ்திரி."

கை ஓங்கலாமா என்று ஒரு கணம் பார்த்தார். கத்துவதற்கும் தெம்பில்லை, பகலெல்லாம் வெயிலில் கத்தியிருந்தார். புத்தகத்தை மடியில் போட்டு, விரலை வைத்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் படித்தார். ஒரு வரியின் கடைசியை முழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார்.

"ப்பா! கட்டை வுட்டுட்ட" என்றாள் இலக்கியா.

கரும்பு வெட்டில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. குனியச் சோம்பல்பட்டு அடியில் ஒரு சாண் விட்டு வெட்டுவார்கள், அதுதான் கட்டை. இனிப்பெல்லாம் அந்த அடியில்தான் இருக்கும். வெட்டி முடித்த வயலில் குச்சியால் தட்டித் தட்டி அந்தக் கட்டைகளைக் கண்டுபிடித்து ஆளை வறுத்தெடுப்பதில்தான் கொளஞ்சியப்பன் பேர் வாங்கியிருந்தார். லீவு நாட்களில் இலக்கியாவும் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறாள். இப்போது அவரையே ஒரு எட்டு வயது மேஸ்திரி பிடித்துவிட்டது.

"எங்க வுட்டேன்? ஒண்ணும் வுடலியே."

"தோ இங்க. உன் விரல் இது மேல போகவே இல்ல."

"அங்க ஒண்ணும் எழுதல."

"எழுதியிருக்கு!"

"இன்னா எழுதியிருக்குது? சொல்லு பாப்போம்."

அவள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மூக்கு காகிதத்தைத் தொட்டது. "கு... ரு..." நெற்றி சுருங்கியது. கொளஞ்சியப்பனுக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. வெளியே துப்பாமலிருக்க அவர் துண்டின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். "கு... ரு... வி. குருவி! குருவியை வுட்டுட்டு எங்க ஓடற?"

அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். "தப்புத்தான் மேஸ்திரி" என்றார்.

அடுப்படியில் நிர்மலாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

அதன் பிறகு வந்த சாயங்காலங்களில், யார் வேலையிலும் கட்டையைப் பொறுத்துக்கொள்ளாத அந்த மனிதர், வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தார். வரியின் வாலை முழுங்கினார். நடுவிலே ஒரு சொல்லைத் தாண்டினார். 'நரி ஓடியது' என்றிருந்தால் 'நரி தூங்கியது' என்றார். ஒவ்வொரு முறையும் மகள் பாய்ந்து பிடித்தாள். பிடித்ததை நிரூபிக்க அவள் படித்தாக வேண்டியிருந்தது. அவர் லேசில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். "இன்னொரு தபா படி, எனக்கு சந்தேகமா இருக்குது" என்பார். ஒரு நாள் தெருவில் போன வீரமணி, "கண்ணு எங்க வெச்சிக்கினு வேலை பாக்கற நீ?" என்று மேஸ்திரி மகளிடம் திட்டு வாங்குவதைக் கேட்டு, சைக்கிளை நிறுத்தி இறங்கி நன்றாகக் கேட்டுவிட்டுப் போனார்.

பங்குனிக் கடைசியில் பரீட்சை. டீச்சர் புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்தார். இலக்கியா மெதுவாக, விரலை நகர்த்தி நகர்த்தி, இரண்டு இடத்தில் நின்று பின்னால் போய் சரிசெய்துகொண்டு, முடித்தாள். டீச்சர் 'மொட்டு' என்று பதிந்தார்.

"மொட்டுக்கு வந்துட்டா, இலக்கியா அப்பா" என்றார் வெளியே நின்றவரிடம்.

கொளஞ்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குணம் திரும்பிவிட்டது. "மலருக்கு இன்னும் எவ்ளோ நாள் புடிக்கும் டீச்சர்?"

"அது நீங்க எவ்ளோ நாள் குந்துறீங்களோ, அதைப் பொறுத்தது."

லீவு விட்டும் மகள் விடவில்லை. பள்ளி நூலகத்திலிருந்து பெரிய கதைப் புத்தகமாக எடுத்து வந்திருந்தாள். அதில் சிரமம் என்னவென்றால், எந்தச் சொல்லை விட்டால் அவள் கஷ்டப்பட்டாவது கண்டுபிடிப்பாள், எதை விட்டால் மலைத்துப்போய் அழுவாள் என்று அவர் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு ஆள் வைக்க முடியவில்லை. அவள் எந்த எழுத்தில் தடுக்குவாள் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

வயலில் மத்தியானச் சோற்று நேரம். வெட்டாட்கள் வேப்ப மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். மேஸ்திரி மட்டும் தள்ளி, டிராக்டர் நிழலில், படம் போட்ட புத்தகத்தை மடியில் விரித்து வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்க வந்த பச்சையம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி, இந்த வயசுல படிக்கிறியா?"

"சும்மா இரு பச்சையம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "சாயந்தரம் எங்க எங்க கட்டை வுடலாம்னு பாத்துக்கினு இருக்கேன்."