ஓடாத ரயிலின் டிக்கெட்

மயிலம்மாளுக்கு எழுத்து தெரியாது. காகிதத்தின் மகிமை தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போன புருஷன் திரும்பவே இல்லை. செத்தான் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. அவள் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று ரப்பர் தோட்டம் ஒன்பது விதமாகப் பேசியது. ஒருநாள் அவளே தாலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டாள். மறுநாள் விடியலில் வழக்கம்போல் பால் மரம் வெட்டப் போனாள்.

மலாயாவில் அவசரகாலம் வந்த மூன்றாம் வருஷம், பகாவ் ஊருக்குத் தெற்கே இருந்த அந்தத் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது. ஒரே வாசல். வெளியே போகிறவர்கள் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசுவிடம் பெயர் சொல்லி, கேட் புத்தகத்தில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். மாலை ஆறுக்குள் திரும்பி மறுபடியும் வைக்க வேண்டும். தவறினால், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோனதாகத்தான் கணக்கு. பக்கத்து லயத்து மாயாண்டி இரண்டு மணி நேரம்தான் தாமதித்தான். போலீஸ் லாரியில் ஏற்றிப் போனார்கள். அவன் பெண்டாட்டி இன்னும் அவனுக்கும் சேர்த்தே சோறு வடிக்கிறாள்.

கெமாஸில் தங்கச்சி தாயம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மயிலம்மாள் ஒருநாள் பாஸ் வாங்கி, போக வர டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி வண்டிக்கு ஸ்டேஷனுக்கு வந்து நின்றாள்.

வண்டியின் சத்தம் கேட்டது. எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். தண்டவாளம் முனகியது. காலுக்கடியில் பிளாட்பாரம் லேசாக அதிர்ந்தது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. வெயில் மட்டும் வெள்ளையாக நின்றது. தண்டவாளத்தின் நடுவே படுத்திருந்த மஞ்சள் நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

டிக்கெட் கிளார்க் சிவசிதம்பரம் வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"இண்டைக்கு ரயில் இல்லை. அங்கால தண்டவாளத்தைக் கழட்டிப் போட்டாங்கள். டிக்கெட்டைத் தந்தால் திரும்பிப் போற பாதிக்குக் காசு தாறன். இல்லையெண்டால் பின்பக்கம் எழுதி முத்திரை குத்தித் தாறன், மூண்டு நாளைக்குள்ள எந்த வண்டியிலயும் போகலாம், போகாட்டில் காசாக்கலாம். ரெண்டில ஒண்டைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

எல்லோரும் காசுக்குத்தான் வரிசை பிடித்தார்கள். மயிலம்மாள் ஜன்னலில் டிக்கெட்டை நீட்டினாள். ஆனால் விடவில்லை.

"காசு வேணாங்கய்யா. ரயில் ஓடலன்னு எழுதிக் குடுங்க. மயிலம்மா இங்கதான் நின்னான்னும் எழுதுங்க."

"பேர் எழுதிற வழக்கம் இல்லை, தங்கச்சி."

"யக்கா, காச வாங்கிட்டு நவுரு லா. உன் சரித்திரத்தையே எழுதச் சொல்லுவ போலருக்கு" என்றான் பின்னால் நின்றவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை. "இந்தத் துண்ட குடுத்துட்டா, நேத்து எங்க இருந்தன்னு நாளைக்குக் கேப்பாங்க. எதங்கய்யா காட்டுவேன்?"

சிவசிதம்பரம் பேனாவை எடுத்தார். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, நம்பரையும் பெயரையும் நேரத்தையும் பொடி எழுத்தில் எழுதி, முத்திரையைக் குத்தினார்.

இரவைத் தங்கச்சி வீட்டில் கழித்தாள். விடிந்தும் பாதை சரியாகவில்லை. போலீஸ் காவலோடு போன பலகை லாரி ஒன்று அவளை ஏற்றிக்கொண்டு, ஒன்பது மணிக்குத் தோட்டத்து வாசலில் இறக்கியது. முந்தின நாள் மழையின் மூட்டம் ரப்பர் மரங்களுக்கிடையே இன்னும் கலையவில்லை.

கிராணி புத்தகத்தைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"என்னா மயிலம்மா, எந்தப் பக்கம் வேலிய தாண்டின?"

"நா எங்கங்க தாண்டினேன்? இப்பத்தான் வர்றேன்."

"நேத்து அஞ்சரைக்கே உள்ள வந்துட்டியே. இந்தா, உன் பேரு. உன் கைநாட்டு."

வேலிக்கு உள்ளே பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராக்கம்மா சிரித்தாள். "ஏ மயிலு, நேத்து தொண்ட கிழியக் கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்காமப் போற! தங்கச்சி வீட்டுச் சோறு தின்னதும் தொரசானி ஆயிட்டியோ?" சொல்லிக்கொண்டே மயிலம்மாளின் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. வாளி நிரம்பி வழிந்தது.

வாயை மூடிக்கொண்டால் வேலி தாண்டிய குற்றம். மாயாண்டி போன லாரி. டிக்கெட்டைக் காட்டினால், நேற்று உள்ளே போனது யார் என்ற கேள்வி லயம் முழுவதையும் உலுக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள்வரை வெயிலில் நிறுத்துவார்கள். தான் தப்பிக்க அத்தனை பேரையும் இழுத்துவிடலாமா? நியாயம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தான் இல்லாத இடத்தில் இருந்ததாகச் சொல்லவும் வாய் வரவில்லை. டிக்கெட்டை மேசையில் வைத்தாள்.

கிராணி இரண்டு முறை படித்தார். குரல் தாழ்ந்தது. "நேத்து கொட்டுற மழ... அட்டையப் பாத்தனான்னு நெனவில்ல."

அவளுடைய அடையாள அட்டையைப் புத்தகத்தின் அருகில் வைத்தார். அட்டையிலிருந்த ரேகையின் குறுக்கே, உளி வெட்டின தழும்பு வெள்ளைக் கோடாக ஓடியது. நேற்றைய ரேகையிலும் ஓடியது, அதே சாய்வில்.

"மரம் வெட்டுறவங்கள்ல பாதிப் பேருக்கு இந்தத் தழும்பு இருக்கும்" என்றார், தனக்கே சொல்வதுபோல.

போலீஸ்காரர்கள் வந்து மத்தியானம்வரை லயம் லயமாகச் சோதித்தார்கள். வெயிலில் நிறுத்தித் தலை எண்ணினார்கள். ஒரு தலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மயிலம்மாள் வீட்டுப் பூட்டு பூட்டினபடியே இருந்தது. திறந்தாள். முந்தின நாள் காலையில் சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போன பாய், நடு வீட்டில் விரிந்து கிடந்தது.

கிராணி நேற்றைய வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இது இல்லன்னா உன்னையும் ஏத்திருப்பாங்க. மூணு நாளுக்குள்ள கொண்டு போனா காசு இன்னும் கெடைக்கும் லா."

அவள் போகவில்லை. அன்றைக்கு அவள் இங்கே இல்லை என்று சொல்ல உலகத்தில் இருந்தது அந்த ஒரு டிக்கெட் துண்டுதான். அதை யாருக்குக் கொடுப்பாள்?

வேலி இருந்த காலம் முழுக்க, மாலையில் வாசலருகே பெயர் கூப்பிடுவார்கள். "மயிலம்மா!" என்பார் கிராணி. அவள் உடனே வாய் திறக்கமாட்டாள். தனக்கு முன்னால் வேறொரு குரல் எழுகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள். கிராணியும் பேனாவைப் புத்தகத்தில் ஊன்றாமல், தலை நிமிராமல் காத்திருப்பார். அதற்குப் பிறகே, "இருக்கேங்க" என்பாள்.