ஐம்பது டாலர் எஞ்சின்

ஹேசல் பார்க்கில் கார்லண்ட் ஸ்காக்ஸைத் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் செத்துப் போனவர், இன்னொருத்தர் இன்னும் பிறக்காதவர். பேரிலேயே காரை வைத்துக்கொண்டு பிறந்த மனிதர். அவருடைய அப்பா கென்டக்கியில் நிலக்கரி தோண்டி அலுத்துப்போய், டெட்ராய்ட் பக்கம் கார் செய்கிறார்களாம், வாராவாரம் சம்பளமாம் என்று கேள்விப்பட்டு, மூன்று பிள்ளைகளையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்து சேர்ந்தவர். கார்லண்ட் பதினெட்டு வயதில் ஆக்ஸில் ஃபேக்டரியில் சேர்ந்தார். இருபது வயதில் ஒரு ஷெவெல் வாங்கினார். எழுபதாம் வருஷத்து மாடல். நீல நிறம், முதுகில் இரண்டு கறுப்புப் பட்டை, சின்ன உடம்புக்குள் லாரியை இழுக்கிற எஞ்சின்.

அந்தக் காரில்தான் வெர்னாவைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். வெர்னாவின் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவன் வண்டி தெருமுனைக்கு வந்தாலே நம்ம நாய் கட்டிலுக்கு அடியில போயிடுது. நாய்க்கு இருக்குற புத்தி உனக்கு இல்லையே" என்றார். வெர்னாவுக்குப் புத்தி வரவில்லை. எழுபத்தொன்றில் கல்யாணம். சர்ச்சு வாசலில் இருந்து அந்த உறுமலோடுதான் புறப்பட்டார்கள். பாதிரியார் ஆசீர்வாதம் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

எழுபத்தாறில் ஒரு சனிக்கிழமை, வுட்வர்ட் ரோட்டில் பக்கத்தில் வந்து நின்ற ஒரு மஸ்டாங் காரிடம் மானத்தை விடக் கூடாது என்று கார்லண்ட் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மானம் தப்பித்தது, எஞ்சின் தப்பிக்கவில்லை. உள்ளே இருந்த தண்டு ஒன்று பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்தக் காலத்தில் அதற்காக யாரும் துக்கம் கொண்டாடவில்லை. எந்தக் காயலான் கடையிலும் வேறு எஞ்சின் கிடைக்கும். ஒன்றை வாங்கிப் பூட்டினார். பழையதை, இறக்கிவிட உதவிய ஆளுக்கு ஒரு பெட்டி பீரோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் காலம் திரும்பியது. அந்த மாதிரிக் கார்களை எல்லாம் பையன்கள் கம்பத்தில் மோதி முடித்திருந்தார்கள். மிச்சத்தை, பனி உருக உப்புப் போட்ட ரோடு துருப்பிடிக்கவைத்துத் தின்றிருந்தது. இருப்பது நாலு, கேட்பவர்கள் நாற்பது பேர் என்று ஆனதும் விலை ஏறத் தொடங்கியது, ஏறியது இறங்கவே இல்லை. ஜான் ஆர் ரோட்டு டோனட் கடையில் காலையில் உட்காருகிற கிழவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒப்பாரிதான்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு" என்பான் கார்லண்டின் கூட்டாளி டுவெய்ன். "எழுநூறு டாலருக்குக் குடுத்தேன். அந்தக் காசுல வாங்குன சோஃபாவை நாய் கடிச்சுத் தின்னுருச்சு."

"நாய்க்கு உன்னைவிட விவரம் ஜாஸ்தி. அது திங்கவாவது செஞ்சுது" என்பார் கார்லண்ட். அவர் சிரிக்கலாம். விற்காமல் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் அவருக்கும் ஒரு முள் இருந்தது. அந்தக் கார்களில் கண்ணாடிக்கு அடியில் ஒரு தகட்டில் நம்பர் இருக்கும். தொழிற்சாலையில் அதே நம்பரின் வாலை எஞ்சினின் நெற்றியிலும் அடித்து அனுப்புவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் விலை இரட்டிப்பு. கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம். கார்லண்டுக்கு விலை பெரிதில்லை, விற்கிற எண்ணமே அவருக்கு இல்லை. ஆனால் தன் காரின் சொந்த எஞ்சினைத் தானே மிதித்துக் கெடுத்துத் தானே தூக்கிக் கொடுத்தோம் என்பது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. குடிவந்த எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. சத்தம்தான் வேறு.

தொண்ணூற்றெட்டில் அந்தப் பழைய எஞ்சினைக் கண்டுபிடித்தார். வடக்கே ஒரு பண்ணையில், கோழிக்கூண்டின் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். கோழிப் பீயைத் துணியால் துடைத்துப் பார்த்தார். அதே நம்பர். அவர் நம்பரை இரண்டாம் தடவை துடைத்துப் படிப்பதைப் பண்ணைக்காரன் பார்த்துவிட்டான். ஆயிரத்து எண்ணூறு என்றான்.

வீட்டில் வெர்னா கேட்டாள். "இது என்ன இரும்புக் கட்டை?"

"சும்மா பழைய கட்டை. கராஜ்ல கிடக்கட்டும்."

"எவ்வளவு அழுத?"

"ஐம்பது டாலர்."

இதில் கார்லண்டை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் கார்ப் பைத்தியங்கள் அத்தனை பேரும் வீட்டில் சொல்கிற விலை ஐம்பது டாலர்தான். ஆயிரத்துக்கு வாங்கின கார்புரேட்டரும் ஐம்பது, அறுநூறுக்கு வாங்கின பம்பரும் ஐம்பது. பெண்டாட்டிகளும் நம்பிய மாதிரி இருப்பார்கள். வெர்னா நிஜமாகவே நம்பினாள்.

அந்த எஞ்சினைச் சரிசெய்து காரில் பூட்டி, வெர்னாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆகஸ்ட் மாதம் பழைய கார்கள் எல்லாம் ஊர்வலம் போகும்போது வுட்வர்ட் ரோட்டில் ஒரு தடவை போக வேண்டும். கார்லண்டுக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த ஆசை அது ஒன்றுதான். வெர்னாவிடம் சொல்லவில்லை. சாவியைத் திருப்பும்போது அவளே சத்தத்தை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு. ஓட்டையை வெல்டு வைத்தார். பிஸ்டனுக்குக் காசு சேர்த்தார். சேர்ப்பதற்குள் பிஸ்டன் விலை ஏறும். திரும்பவும் சேர்த்தால் கடைசல் கூலி ஏறியிருக்கும். இருபது வருஷம் அந்த விலைக்குப் பின்னாலேயே ஓடினார். விலை ஷெவெலில் போனது, இவர் கால்நடையாகப் போனார்.

பிறகு ஒரு வசந்த காலத்தில் அவருடைய சொந்த எஞ்சின் மக்கர் பண்ணியது. நெஞ்சைப் பிளந்து மூன்று குழாய் மாற்றினார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி.

திரும்பி வந்தபோது வெர்னா அவரை வாசல் படி வழியாக விடவில்லை. கராஜ் கதவைத் திறந்தாள். ஷெவெல் ஓரமாக நின்றது. மூலையில் இருந்து அடுக்களைக் கதவு வரைக்கும் புதுப் பலகையில் ஒரு சரிவு.

"பாத்தியா, படியே ஏற வேண்டாம். சர்ச்சுல இருந்து நாலு பேர் வந்து அடிச்சுக் குடுத்தாங்க."

"இந்த மூலையில தார்ப்பாய் போட்டு ஒண்ணு இருந்துச்சே, வெர்னா."

"அந்த ஐம்பது டாலர் கட்டையா? இரும்பு பொறுக்குற ஏர்ல் வந்தான். நாப்பது தரேன்னான். நான் விடுவேனா. எம் புருஷன் ஐம்பது குடுத்து வாங்குனது, அறுபதுன்னா தூக்கு, இல்லன்னா நடையக் கட்டுன்னேன். மறுபேச்சு பேசாம எடுத்துக் குடுத்தான்." அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நாப்பத்தேழு வருஷத்துல உன் சாமான்ல லாபம் பாத்தது நான் ஒருத்திதான். அந்தக் காசுலதான் உனக்குக் குளிக்கிறதுக்கு நாற்காலி வாங்கியிருக்கேன்."

கார்லண்ட் பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூச்சு வாங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நல்லா வித்திருக்க வெர்னா" என்றார். "நான் வித்திருந்தா முப்பதுதான் தேறியிருக்கும்."

அன்றைக்குக் குளிக்க உட்கார்ந்தவர், வெந்நீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வெர்னா கதவைத் தட்டினாள். "நாற்காலி சௌகரியமா இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கத்த மாட்டாள். ஆனால் தினமும் அந்தச் சரிவில் அவர் கையைப் பிடித்து ஏற்றும்போது அந்த மூலையைப் பார்ப்பாள், சாகிற வரைக்கும் பார்ப்பாள். பொய் சொன்னது அவர். தண்டனை அவளுக்கு எதற்கு?

ஏர்லைத் தேடிப் போனார்கள், அவரும் டுவெய்னும். ஏர்ல் நம்பரைப் பார்த்ததும் மூக்கில் வேர்த்து, உதிரி சாமான் விற்கிற ஒருத்தனிடம் கைமாற்றியிருந்தான். அந்த ஆள் படம் எடுத்து, 'இந்த நம்பர் யார் காருடையது?' என்று இன்டர்நெட்டில் போட்டுப் பதினாலாயிரம் கேட்டிருந்தான். கார்லண்ட் போன் பண்ணும்போது அதுவும் கைமாறிவிட்டது. வாங்கியவர் டாக்டர் ஹாலெக். பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகளின் கோணல் பல்லெல்லாம் அவர் கொட்டகையில் காராக நின்றது, பதினோரு கார். பனிக்காலத்தில் அந்தக் கொட்டகை கார்லண்ட் வீட்டுக் கூடத்தைவிடக் கதகதப்பாக இருக்கும். ஷெவெலை விலைக்குக் கேட்டு ஆறு வருஷமாக வுட்வர்ட் ரோட்டில் அவரைச் சுற்றிவந்தவர். நம்பரை எப்போதோ குறித்து வைத்திருந்தார்.

டோனட் கடைக்கு அவரே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"மிஸ்டர் ஸ்காக்ஸ், பதினாலுக்கு வாங்கினேன். அதே பதினாலுக்கு உங்களுக்குத் தரேன். லாபம் வேண்டாம். ஆனா அதைச் சரிபண்ணிப் பூட்ட இன்னிக்கு என்ன கேக்குறாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். இன்னும் பன்னிரண்டாயிரம். கார்லண்டிடம் காபி டப்பாவில் ஆறாயிரத்து முன்னூறு இருந்தது.

டுவெய்ன் பொறுக்க முடியாமல் சொன்னான். "வீட்டை வச்சு வாங்குடா. வெர்னா கையெழுத்துப் போட மாட்டாளா?"

"போடுவா. எதுக்குன்னு கேட்டுட்டுப் போடுவா."

"அப்ப என்ன பண்ணப் போற?"

கார்லண்ட் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடவே இல்லை. "எனக்கு அப்புறம் வண்டி எவன் கைக்கோ போகும். எஞ்சின் எவன் கொட்டாயிலயோ கிடக்கும். அதுங்க ரெண்டும் ஜென்மத்துக்கும் சேராது" என்றார். பிறகு டாக்டரிடம் திரும்பினார். "வண்டியை எடுத்துக்குங்க. ஆனா ரெண்டு கண்டிஷன். எஞ்சின் எங்க இருந்து வந்துச்சுன்னு வெர்னாகிட்ட யாரும் வாய் திறக்கக் கூடாது. பூட்டி முடிச்சதும் ஒரே ஒரு தடவை நான் ஓட்டணும், அவ பக்கத்துல இருக்கணும்."

டாக்டர் எழுந்து கை கொடுத்தார்.

வெர்னாவிடம் இடுப்பு வலி, ஏறி இறங்க முடியவில்லை, வண்டியை விற்கிறேன் என்றார். அவள் அழுதாள். "கூரை ஒழுகுதுன்னும் எம் முழங்காலுக்காகவும்தானே விக்கிற. எனக்காக எதையும் விக்காத, கார்லண்ட்."

"உனக்காக ஒண்ணும் இல்ல. வாய மூடிட்டு ரொட்டியச் சுடு."

நாலு பக்கமும் மூடிய டிரெய்லரில் ஷெவெலை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் சும்மா இருக்குமா? கிழவன் காசைக் கண்டதும் கல்யாணக் காரையே விற்றுவிட்டான், ஃபுளோரிடாவில் வீடு பார்க்கிறானாம் என்றது. டுவெய்ன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஆயுளில் அவன் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

அடுத்த வருஷம் செப்டம்பரில் டாக்டர் கூப்பிட்டார். கோல்ஃப் கிளப் புல்வெளியில் பழைய கார்களின் கண்காட்சி. ஷெவெல் முழுசாகத் தயார், அங்கேதான் கூட்டத்துக்கு முன்னால் ஓட்டிக் காட்டுகிறோம், நீங்கள்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றார். கார்லண்ட் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டார். அது மூடவில்லை. வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை மாட்டிவிட்டாள்.

வெர்னா கழிப்பறை வரிசையில் நிற்க, அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். நீலம் அப்படியே ஈரம் மாதிரி மின்னியது. பக்கத்தில், முன் சக்கரத்துக்கு நேராக, புல்லில் ஊன்றிய ஒரு பலகை. கண்காட்சியில் ஒவ்வொரு காருக்கும் அதன் கதையை எழுதி ஊன்றுவார்கள், நடுவர்கள் படித்து மார்க் போட. அதற்கென்று கூலிக்கு எழுதுகிற ஆள் உண்டு. கார்லண்ட் படித்தார். அசல் எஞ்சின், நம்பர் பொருத்தம் என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே: 'போன வருஷம் வசந்த காலத்தில், ஹேசல் பார்க்கில் ஒரு வீட்டு கராஜில் இருந்து அறுபது டாலருக்குப் பழைய இரும்பாக விற்கப்பட்டு, உருக்காலைக்குப் போகாமல் அதிசயமாகத் தப்பியது.'

டாக்டர் வாய் திறக்கவில்லைதான். பலகை திறந்துவிட்டது.

வெர்னா புல்லில் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஊறுகாய் பாட்டிலில் ஒட்டிய சீட்டைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறவள். கார்லண்ட் திரும்பி, பலகையில் முதுகைச் சாய்த்து நின்றார். கோட்டுப் பொத்தானைக் கழற்றி இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார்.

"அடேயப்பா, நம்ம வண்டியா இது" என்றாள் வெர்னா. "உள்ள உக்காரக் கூப்புடுறாங்க பாரு. வா."

டாக்டர் சாவியை நீட்டினார். "மிஸ்டர் ஸ்காக்ஸ், உங்க இடம் காலியா இருக்கு."

கார்லண்ட் சாவியைப் பார்த்தார். நாலு எட்டு நடந்தால் போதும்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு டாக்டர். நீங்களே ஓட்டுங்க. வெர்னாவை ஏத்திக்குங்க."

"கிறுக்கா உனக்கு?" வெர்னா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இந்த வண்டி வண்டின்னு உசுர விட்டியே. ஒரு நிமிஷம் வந்து உக்காரு. நான் தாங்கிப் பிடிச்சுக்கறேன்."

"நான் உள்ள உக்காந்தா நீ அதுல எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமா பக்கவாட்டுலதானே பாத்திருக்கேன். போ, கிழவி. இங்கிருந்து பாக்குறேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. போய் உட்கார்ந்தாள். டாக்டர் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. புல்வெளியில் பேச்சு நின்றுபோனது. கண்ணாடிக்குப் பின்னால் வெர்னா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது. இன்னொரு கையால் கார்லண்டை வா, வா என்று கூப்பிட்டாள். அவள் அழுவது அங்கிருந்தே தெரிந்தது.

கார்லண்ட் கைத்தடியைத் தூக்கி ஆட்டினார். இடத்தை விட்டு நகரவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் பலகை அந்தச் சத்தத்தில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.