தாலி ஏறவில்லையே

சரசா மாமிக்குக் கல்யாணம் என்றால் மாங்கல்யதாரணம்தான். மற்றதெல்லாம் சர்க்காருக்காகச் செய்கிற காரியம். பூனாவில், ஔந்த் பகுதியில் இருபது வருஷமாகக் குடியிருந்து, காய்கறிக்காரியிடம் மராத்தியில் மல்லுக்கு நிற்கக் கற்றுக்கொண்டவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மாமியை யாராலும் அசைக்க முடியாது.

1999 பங்குனியில், அமெரிக்கா கிளம்பவிருந்த கௌஷிக்குக்கும் மாமியின் பெண் கிருஷ்ணப்ரியாவுக்கும் ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்தது. விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும், முகூர்த்தம் ஆவணியில். கையெழுத்துப் போட்ட கையோடு மாமி பெண்ணை ரிக்ஷாவில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். மாப்பிள்ளையோடு ஒரு காபி குடிக்கக்கூட விடவில்லை.

"இன்னும் தாலி ஏறலைடி. கையெழுத்து வேற, கல்யாணம் வேற" என்றாள்.

ஆடியில் கௌஷிக் அமெரிக்காவிலிருந்து ஃபோன் செய்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மாமி ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். பிறகு, தாலி ஏறவில்லையே, பெருமாள் காப்பாற்றினார் என்று எழுந்து தலைக்குக் குளித்து, கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனிடம் போட்டாள். பெண் கண் கலங்கினால், "என்ன நடந்துடுத்துன்னு அழறே?" என்று அதட்டினாள். கிருஷ்ணப்ரியாவும் முகத்தைக் கழுவிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனாள்.

வேறு வரன் பார்க்கலாம் என்றபோதுதான் தெரிந்த வக்கீல் ஒருவர் குண்டைத் தூக்கிப் போட்டார். விவாகரத்து வாங்காமல் இன்னொரு கல்யாணம் செய்தால் குற்றமாம். ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாதவர்களுக்கு விவாகரத்தா என்று மாமி அவரிடமே சண்டைக்குப் போனாள். மாமியின் சாஸ்திரம் கோர்ட்டில் எடுபடவில்லை. தீர்ப்பு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

அதற்கப்புறம் சாய்கிருஷ்ணா என்ற வரனின் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். "ஏன் இத்தனை நாள் தள்ளிப் போச்சு?" என்று பையனின் அம்மா கேட்டாள். குரு பலன் வரவில்லை என்று சொல்ல மாமி தயாராக இருந்தாள். பெண் முந்திக்கொண்டாள்.

"எனக்கு விவாகரத்து ஆயிருக்கு, மாமி" என்றாள் பையனின் அம்மாவிடம்.

"வெறும் ரிஜிஸ்டர்தான், தாலி ஏறலை. ஒண்ணுமே நடக்கலை" என்று சரசா பதறினாள்.

"அப்படியா, அப்போ ஒண்ணுமில்லையே" என்று வந்தவளும் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"எனக்கு நடந்தது, மாமி. நான் விளையாட்டுக்குக் கையெழுத்துப் போடலை. அவரை ஆத்துக்காரரா நினைச்சுண்டுதான் போட்டேன். நாலு மாசம் அப்படித்தான் இருந்தேன்" என்றாள் கிருஷ்ணப்ரியா.

வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை சரசாவுக்கு அப்போது வரவில்லை. இந்தப் பெண் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நின்றிருக்கிறாள், அவளை ஒருநாள்கூட அழவிடவில்லையே என்றுதான் தோன்றியது. கையிலிருந்த பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள்.