பட்டாசல் ஃபோனின் மணி

கனடாவுக்குப் போகுமுன் என் கணவர் மாடி அறைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, மோடத்தை ஃபோன் வயரில் இணைத்துக் கொடுத்தார். "ஐஎஸ்டி கட்டுப்படியாகாது. தினமும் மெயில் போடுதேன், நீ படிச்சு அம்மைக்கும் சொல்லு" என்பது ஏற்பாடு. அவர் போய்ப் பத்து நாளாகியும் ஒரு மெயிலைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள் நான். வீட்டில் ஒரு இணைப்புப் போடத் தெரியவில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? மாலை ஆறு மணிக்கு உட்காருவேன். டயல் நிரல் எண்ணைச் சுழற்றும், எதிர்முனை எடுக்கும், உடனே இணைப்பு அறுந்து திரையில் 'நோ கேரியர்' என்று விழும். வேகத்தைக் குறைத்தேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே போகவில்லை என்று தெரிந்தும் அதையும் திருத்தினேன். வண்ணார்பேட்டைக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்தேன். கணவரை மனதுக்குள் திட்டினேன். அது மட்டும் தடையில்லாமல் நடந்தது.

பதினோராம் நாள், டயல் ஓடும்போதே காபி எடுக்கக் கீழே இறங்கினேன். முன்கூடமான பட்டாசலில் இருந்த இன்னொரு ஃபோன் டிங், டிங் என்று லேசாகச் சிணுங்கியது. எங்கள் எக்ஸ்சேஞ்ச் பழையது. எண்களைத் துடிப்புகளாகத்தான் அனுப்ப வேண்டும். மோடம் சுழற்றச் சுழற்ற, அதே வயரில் இருந்த கீழ் ஃபோனின் மணியும் கூடவே அசைந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மாமியார் முழங்கால் வலியோடு வந்து சேர்வதற்குள் எதிர்முனை எடுத்துவிட்டது. அவர் ரிசீவரைத் தூக்கினார். தினமும் என் இணைப்பு அறுந்தது இதனால்தான்.

"எய்யா, சத்தமாப் பேசு. கொர்ருங்கு. இங்கன எல்லாரும் சொகமா இருக்கோம். உன் பொண்டாட்டிதான் சாயங்காலமானா மாடியில போயி உட்கார்ந்துக்கிடுதா."

என்னைப் பார்த்ததும் ரிசீவரைப் பொத்திக்கொண்டார். "தினமும் கூப்பிடுதான்ளா. லைன்தான் சரியில்ல. சொன்னா ஏங்கிப் போவியேன்னு சொல்லல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது மாடியில இருந்து நான் போடுத நம்பர், அத்தை."

"அப்பம் அவன் கூப்பிடவே இல்லையா?"

மகன் தினமும் தன்னைத் தேடுகிறான் என்று பத்து நாள் சந்தோஷமாக இருந்தவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் ரிசீவரைப் பைய வைத்தார்.

மாடிக்குப் போய் மறுபடி டயல் செய்தேன். அவர் ஃபோனைத் தொடவில்லை. பதினொரு மெயில்கள் வந்து இறங்கின. தாளில் அச்செடுத்துக் கீழே கொண்டுபோய் அத்தனையையும் உரக்கப் படித்தேன். எனக்கு மட்டும் எழுதிய வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அதன்பின் தினமும் ஆறு மணிக்கு ஃபோன் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மணி சிணுங்கியதும் மாடியைப் பார்த்து, "வந்துட்டான்" என்பார்.

அடுத்த வருடம் எக்ஸ்சேஞ்சை மாற்றினார்கள். டயல் கட்டளையில் துடிப்பைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்தை, ஒலியைக் குறிக்கும் 'டி' ஆக்கினால் போதும், இணைப்பு சீக்கிரம் கிடைக்கும், மணியும் சிணுங்காது. வகுப்பில் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டில் அந்த எழுத்தை நான் மாற்றவே இல்லை.